லேயாள் போட்ட சீட்டு

பெப். 8, 1987, ஞாயிறு

மைனஸ் இருபத்து நாலு. வெளிப் படிக்கு உப்புப் போட்டேன், பிரயோசனம் இல்லை. இந்த வில்லரே வட்டாரத்தில் வீடு கட்டினவர்கள் படியை ஏன் வெளியே வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சப்பாத்துக்குள் தண்ணீர் போகிறது. புதுசு வாங்க வேண்டும், ஏப்ரல் வரைக்கும் தாங்கினால் வேண்டாம்.

பிள்ளைக்கு இன்றோடு பன்னிரண்டு நாள். நிறம் தாயுடையது. காது மட்டும் எங்கள் அப்பாவின் காது, மேல் விளிம்பு மடிந்தது. எழும்பிப் போய்ச் சட்டி கழுவினேன்.

ஆராதனை முடிந்து போதகர் தம்பியைக் கூப்பிட்டுக் கதைத்தார். மார்ச் முதலாம் திகதி ஞானஸ்நானம். இந்த மாகாணத்தில் ஆலயப் பதிவேட்டில் எழுதுகிற பேர்தானாம் அரசாங்கத்துக்கும் பேர். பிறப்புப் பத்திரம் அதிலிருந்துதான். மட்டக்களப்பில் அரசாங்கக் கச்சேரிக்கு ஒன்று, ஆலயத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று மூன்று பேரோடு திரிந்தோம். இங்கே ஒரே தரம். எழுதினால் எழுதினதுதான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி அருள் சொன்னான்: "அக்கா, எங்கட வழக்கப்படி சீட்டு நீங்கதான் போடணும்."

வழக்கம் எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். தகப்பனின் மூத்த அக்கா மூன்று சீட்டில் மூன்று பேர் எழுதுவாள். என்ன பேர் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. வேதப் புத்தகத்துக்குள் வைத்து ஜெபம். பிள்ளையின் கையில் அகப்படுகிற சீட்டு கர்த்தர் கொடுத்த பேர். மற்ற இரண்டையும் பிரிக்காமல் எரிக்க வேண்டும். பிரித்தால் அந்தப் பேர்கள் பிள்ளையைச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். எனக்குச் சீட்டுப் போட்டது பெரிய மாமி. லேயாள் என்று வந்தது. வேதத்தில் யாக்கோபின் பெண்சாதி, புருஷனுக்குப் பிடிக்காத மூத்தவள். முப்பத்தொன்பது வயதில் சொல்கிறேன், என்னைப் பிடித்தவன் என்று ஒருவனும் வரவில்லை. சீட்டுச் சரியாகத்தான் விழுந்தது.

தம்பியின் பெண்சாதி ரஞ்சினி யாழ்ப்பாணம், சைவம். கலியாணத்துக்காகத் தலையில் தண்ணீர் வாங்கினவள். பிள்ளைக்குக் கார்த்திக், கஜன் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள், நான் பார்த்தேன். இனி இதில் அவளை ர. என்றே எழுதுவேன். முழுப் பேருக்கு மை வீண்.

பெப். 10, செவ்வாய்

டோர்வல் விமான நிலையக் குசினி, விடிய முதல் பஸ். இன்று லண்டன் விமானம், முந்நூற்றுச் சொச்சம் தட்டு. ஒரு தட்டுக்கு: பாண் உருண்டை, பட்டர், சலாட், கேக் துண்டு, கரண்டிப் பொட்டலம். இடப் பக்கம் தொடங்கி வலப் பக்கம் முடிக்க வேண்டும். ஏறாத விமானங்களுக்கு மேசை போடுகிற உத்தியோகம் எனக்கு.

மூன்று மணிக்கு வீடு. சப்பாத்துக் கழற்றும்போது ர. தொலைபேசியில் அவளுடைய சின்னம்மாவோடு. நான் வந்தது தெரியாது. "அம்மா வந்தா அந்தப் பின்னறை இருக்குத்தானே. பேந்து பாப்பம்."

பின்னறை என் அறை. என் கட்டில், என் பெட்டி, அப்பாவின் படம். அவளுடைய அம்மா கொழும்பில் ஏஜென்ட் வீட்டில் நிற்கிறா, அமெரிக்கா வழியாக வருவாவாம். வந்ததும் நான் எங்கே? அதைப் பற்றித் தொலைபேசியில் ஒரு சொல் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. என் சீதன வீட்டை விற்றுத்தான் அருள் விமானம் ஏறினான். அதற்குப் பிறகு என்னைக் கேட்டு வர எவனுக்கும் வாசல் இல்லை. கட்டுநாயக்காவில் என் கையைப் பிடித்து அழுதவன் அவன். என்ட வீடு உங்கட வீடுதான் அக்கா என்றான். அப்போது கூட்டிப் பெருக்கிப் பார்த்தாலும் யாழ்ப்பாணத்தாள் ஒருத்தியும் அவளுடைய அம்மாவும் கணக்கில் இல்லை.

வாங்க: வெங்காயம், பால்மா, உப்பு (படிக்கு).

பெப். 12, வியாழன்

லீவு. பல்லுக்குத்து.

பிள்ளையின் துணி எடுக்க ர.வின் அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்குப் பின்னால் பிள்ளையார். கலண்டரில் வெட்டின படம், மட்டையில் ஒட்டியிருக்கிறது. முன்னால் வாழைப்பழம் ஒன்று, மூலைத் தெப்பனர் கடையில் வாங்கின தோடம்பழம் ஒன்று, சீனி கொஞ்சம், ஒரு சரை விபூதி. எல்லாம் ஒழுங்காக ஒரு தட்டில். தட்டு நான் டோர்வலிலிருந்து கொண்டுவந்தது, ஓரம் வெடித்தது என்று எறிய வைத்திருந்த தட்டு. குசினியில் காணவில்லை என்று நான் இரண்டு கிழமையாகத் தேடுகிறேன்.

சத்தமில்லாமல் மூடினேன். அருளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு நாள் சண்டை, இரண்டாம் நாள் சமாதானம், மூன்றாம் நாள் நான் கோள்காரி. வைத்திருந்தால் உதவும்.

பதினாலு வருஷம் ஞாயிறு பாடசாலை நடத்தினவள் நான். கர்த்தரை மறந்துவிட்டு காத் என்ற தெய்வத்துக்கு மேசை போட்டவர்களை ஏசாயா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். கர்த்தர் அவர்களை வாளுக்கு என்று எண்ணி வைத்தார். காத், பழைய செமித்தியச் சனங்களின் அதிர்ஷ்ட சாமி. சட்டி கழுவும்போதெல்லாம் அந்தப் பேர் வாயில் வந்துகொண்டே இருந்தது.

பெப். 14, சனி

பின்னேரம் சீட்டு எழுதி முடித்தேன். இந்த நாட்குறிப்பை ஒருவரும் பார்க்கப்போவதில்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

காத். யாக்கோபின் ஏழாவது மகன். பேர் வைத்தவள் லேயாள், என் பேர்க்காரி. தாவீது ராசாவிடம் கர்த்தரின் சொல்லைக் கொண்டுபோன தீர்க்கதரிசிக்கும் அதே பேர். இரண்டு பேரும் மரியாதையான ஆட்கள். அருள் கேட்டால் இந்த இரண்டையும் சொல்லுவேன். மூன்றாவது ஆளைச் சொல்ல மாட்டேன். அலுமாரிக்குள் மேசை போடுகிறவள், மேசை கேட்ட சாமியின் பேரை வாழ்நாள் முழுக்கத் தன் வாயாலேயே கூப்பிடட்டும். எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. யாக்கோபின் காத் லேயாள் பெற்ற பிள்ளை இல்லை. அவளுடைய வேலைக்காரி சில்பாள் பெற்றது. பேர் வைத்தது எசமாட்டி, வலி பட்டது வேலைக்காரி. இதுவும் பொருந்துகிறது.

ஒரு சீட்டில் மட்டும் எழுதினால் மூன்றில் ஒரு பங்கு. தானியேல் வந்தால்? சாமுவேல் வந்தால்? ஆகவே மூன்றிலும் எழுதினேன். காத், காத், காத். தட்டில் ஒட்டுகிற லேபிளின் பின்பக்கம். கர்த்தருக்கும் வேலை மிச்சம்.

பிறகு மீன் வெட்டினேன்.

பெப். 15, ஞாயிறு

வெயில். ஆனால் குளிர் குறையவில்லை.

அப்பாவின் பெரிய வேதப் புத்தகம் மேசையில். சீட்டு மூன்றும் ஆதியாகமத்துக்குள் விளிம்பு தெரிய. அருள் ஜெபம் பண்ணினான், குரல் உடைந்துபோய். அவன் பேரும் இப்படித்தான் வந்தது, அப்போது எனக்குப் பத்து வயது, நான்தான் விளக்குப் பிடித்தேன். ர. பிள்ளையின் கையைப் பிடித்து விளிம்பின் மேல் வைத்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது. பிறகு விரல் மடங்கி நடுச் சீட்டைப் பிடித்தது.

அருள் பிரித்து வாசித்தான். காத். லேயாள் வைத்த பேர், தீர்க்கதரிசியின் பேர் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. லேயாள் அத்தனை காலத்துக்கு முதல் வைத்த பேரை எங்கட லேயாக்கா கையால் கர்த்தர் தந்தார் என்று சொல்லி என்னைக் கட்டிப் பிடித்தான். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷத்தில் முதல் தரம். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை, அதுதான் எனக்கே விளங்கவில்லை.

ர. கேட்டது ஒன்றுதான், கூப்பிடச் சுகமாக இருக்குமோ என்று. பிறகு இரண்டு மூன்று தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த நேரம் பிள்ளை பால் கக்கி, துணி மாற்றி, சோறு பொங்கி வழிந்து, எல்லாம் ஒரே நேரத்தில். அருள் வேதத்தை மூடி பிள்ளையின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டான். மற்ற இரண்டு சீட்டும் அதற்குள்.

எரிக்க வேண்டும்.

பெப். 18, புதன்

சீட்டு எடுக்க முடியவில்லை. எப்போது போனாலும் ர. அந்த அறைக்குள். பால் கொடுக்கிறாள், நித்திரை, இல்லாவிட்டால் கதவு சாத்தி. நேற்று உள்ளே போய்ப் புத்தகத்தில் கை வைத்தேன், கண்ணைத் திறந்து, "என்ன மச்சாள், வேணுமோ?" என்றாள். யன்னல் சாத்த வந்தேன் என்றேன். யன்னல் டிசம்பரில் சாத்தினது.

பரவாயில்லை. அந்தப் புத்தகத்தை யார் திறக்கப்போகிறார்கள்? ர. அதைத் தூசு தட்ட மட்டும்தான் எடுப்பாள்.

வேலைத்தலத்தில் யூதருக்கான சாப்பாட்டைப் பார்வையிட வருகிற மனுஷன், மொறோக்கோக்காரர், தாடி. மருமகனுக்குப் பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தம்பிக்கும் அதே பேராம். அதிர்ஷ்டம் என்று கருத்தாம். கை குலுக்கினார். எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. நான் கல்லென்று எறிந்ததை ஆட்கள் பூவென்று பிடிக்கிறார்கள்.

கீழ் வீட்டு மதாம் மிளகாய் பொரிக்கிற மணத்துக்கு ஏச மறுபடியும் படியேறி வந்தா. பொன்ஜூர் சொன்னேன், மெர்சி சொன்னேன், அதற்கு மேல் பிரெஞ்சு இல்லை.

பெப். 27, வெள்ளி

பிள்ளைக்கு முப்பத்தொன்று, துடக்குக் கழிகிற நாள். ர. வீடு கழுவினாள், தலை முழுகினாள், ஒன்றும் நடக்காத மாதிரி. அலுமாரி அறைக்குள் கற்பூர மணம். அருளுக்கு மூக்கு அடைப்பு, துறைமுகத்தில் கொண்டெய்னர் இறக்கி இறக்கி எந்நாளும் தடிமன். மணம் தெரியாது அவனுக்கு. அல்லது தெரியும், சொல்லவில்லை.

பின்னேரம் பிள்ளை விடாமல் அழுதது. அவள் தூக்கினாள், அருள் தூக்கினான், நிற்கவில்லை. என்னிடம் தந்தார்கள். தோளில் போட்டதும் அடங்கிவிட்டது.

"உங்களிட்டை மட்டும்தான் மச்சாள் இவன் அடங்குறான்."

ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தேன். இடக் கை விறைத்துப்போனது. அந்த மடிந்த காதை ஆட்காட்டி விரலால் தடவிக்கொண்டிருந்தேன். காத் என்று கூப்பிட வாய் வரவில்லை எனக்கு. ராசா என்றேன்.

எழும்பும்போது ர. சொன்னாள், அம்மாவின் பயணம் சரிவரும் போல, பின்னறைக்கு யன்னல் சீலை மாற்ற வேண்டும் என்று. என்னிடமே சொல்கிறாள், என் அறையின் யன்னல் சீலையைப் பற்றி. பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இளகி வந்த மனம் போன மனமாயிற்று.

மார்ச் 1, ஞாயிறு

ஞானஸ்நானம். ஈரப் பனி, படி முழுக்கச் சேறு. அருளின் கோட்டில் பொத்தான் ஒன்று இல்லை, நான்தான் தைத்தேன்.

போதகர் பேரைக் கேட்டார். அருள் சொன்னான். போதகர் கண்ணாடிக்கு மேலால் ஒரு தரம் பார்த்தார், அவருக்கு வேதம் தெரியும் அல்லவா. பிறகு தண்ணீரில் கை வைத்தார். தண்ணீர் பட்டதும் பிள்ளை என்னைப் பார்த்துத்தான் அழுதது.

பதிவேடு பெரியது, பச்சை மட்டை. பிரெஞ்சில் ஒரு பந்தி, நடுவில் அந்தப் பேர், மூன்றே எழுத்து. அருள் கையெழுத்து, ர. கையெழுத்து, சாட்சியாக நான். லேயாள் என்று எழுதும்போது பேனை நன்றாக ஓடியது.

முடிந்தது. இனி அவளுடைய அம்மா வந்து பின்னறையில் படுக்கட்டும். பேரனைக் கூப்பிடும்போதெல்லாம் என் கையெழுத்தைத்தான் கூப்பிடுவா.

சீட்டு ஞாபகம் வந்தது. நாளைக்கு எடுப்பேன்.

மார்ச் 7, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

அருள் வேலைக்குப் போன பிறகு ர.வின் சின்னம்மா வந்தா, பார்க் எக்ஸ்டென்சனிலிருந்து, பயத்தம் பணியாரத்தோடு. பிள்ளை என் மடியில். காத் என்றால் என்ன கருத்து என்று கேட்டா. மச்சாளுக்குத்தான் வடிவாகத் தெரியும் என்று ர. என்னைப் பார்த்தாள். பெருமையோடுதான் பார்த்தாள். அந்தப் பெருமைதான் எனக்குப் பொறுக்கவில்லை. சின்னம்மாவின் கண் வேறு பின்னறைக் கதவை அளந்துகொண்டிருந்தது.

சொல்லிவிட்டேன். அது பழைய காலத்துச் சாமி ஒன்றின் பேர், கர்த்தருக்கு ஆகாத சாமி, உங்கட ஆக்கள் அலுமாரிக்குள் படைக்கிற மாதிரித் தட்டு வைத்துக் கும்பிட்டவர்கள், எல்லாரும் அழிந்துபோனார்கள்.

ர.வின் முகம் வெளிறும் என்று பார்த்தேன். அலுமாரி என்றதற்குக் கொஞ்சம் சிவந்தது. பிறகு சிரித்தாள்.

"சாமின்ரை பேரோ? ஏன் மச்சாள் இவ்வளவு நாளும் சொல்லேல்லை? என்ன சாமி?"

அதிர்ஷ்டம், என்றேன். வேறு என்ன சொல்ல. சின்னம்மா இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிப் பிள்ளையின் தலையில் வைத்தா. நல்லாய் இருப்பான், நல்லாய் இருப்பான் என்றா. வேதப் பேர் என்று அருளுக்கும் சந்தோசம், சாமிப் பேர் என்று இவர்களுக்கும் சந்தோசம். ஒரு மாதம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த நஞ்சைப் பாயசம் என்று குடித்துவிட்டார்கள்.

அப்போது மற்றதையும் சொன்னேன். நிதானமாகச் சொன்னேன், அதுதான் இப்போது உறுத்துகிறது.

"அது வேலைக்காரி பெத்த பிள்ளைட பேர். லேயாள் எசமாட்டி, பெத்தவள் அடிமை. அதைப் பார்த்துத்தான் உன்ட பிள்ளைக்கு எழுதினேன்."

சின்னம்மா கோப்பையைக் கீழே வைத்தா. ர. எழும்பி வந்து பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்தாள். பறிக்கவில்லை. ஒரு கையைத் தலைக்குக் கீழே கொடுத்து, ஒழுங்காக எடுத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பணியாரம் மேசையில் அப்படியே இருக்கிறது. நான் ஒன்று சாப்பிட்டேன். நல்ல பணியாரம்.

மார்ச் 10, செவ்வாய்

ர. வேதத்தைத் திறந்துவிட்டாள்.

நான் சொன்னது உண்மையோ என்று பார்க்கத் திறந்திருக்கிறாள். யாக்கோபின் பிள்ளைகளைத் தேடி ஆதியாகமம். அதற்குள் சீட்டு இரண்டும். நான் டோர்வலால் வந்து வெங்காயம் உரிக்கும்போது குசினிக்கு வந்தாள். வெங்காயத்துக்குப் பக்கத்தில் இரண்டையும் பிரித்து வைத்தாள்.

"மூண்டிலையும் ஒண்டுதான் எழுதினனீங்களோ?"

ஓம் என்றேன்.

ஏன் என்று கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. எல்லாம் கொட்டினேன். என் சீதன வீடு. பின்னறை. அவளுடைய அம்மா. யன்னல் சீலை. அலுமாரிப் பிள்ளையார். என் தட்டில் படையல் வைத்தது. நாலு வருஷமாக என் தம்பி என்னோடு இருந்து சாப்பிடாதது. சொல்லிக்கொண்டே போனேன், வெங்காயக் கண்ணீர் வேறு.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "அந்தத் தட்டு உங்கடை எண்டு எனக்குத் தெரியாது."

சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அருளிடம் காட்டத்தான்.

மார்ச் 13, வெள்ளி

உருகுகிறது. கூரையிலிருந்து சொட்டுச் சத்தம் மூன்று நாளாக.

அருள் என்னோடு கதைத்தான். மூன்று நாள் கதைக்காமல் இருந்துவிட்டு. பேரை வெட்டலாமோ என்று போதகரிடம் போய்க் கேட்டிருக்கிறான். பதிவேட்டில் வெட்ட முடியாதாம். அரசாங்கத்துக்கு எழுதி மாற்றலாம், அதற்கு முதலில் எங்கள் அகதிக் கோப்பு முடிய வேண்டுமாம். அது எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது.

"என்ட புள்ளைட கையப் பிடிச்சி பொய்ச் சீட்டு எடுக்க வெச்சிட்டீங்க அக்கா. நான் ஜெபம் பண்ணினேன். நீங்க பார்த்துக்கொண்டு இருந்தீங்க."

அப்பாவின் குரல் அவனுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. வீட்டை விற்றதை மறக்கவில்லை, சாகும் வரை மறக்க மாட்டேன் என்றான். பிறகு, ரொறன்ரோவில் பெரியப்பாவின் மகள் எஸ்தரிடம் நிலக்கீழ் அறை ஒன்று இருக்கிறது, அங்கே போங்க என்றான். பிள்ளையும் நானும் ஒரே வீட்டில் என்றால் அவனுக்கு வேலையில் மனம் நிற்காதாம்.

இன்னொன்று. ர.வின் அம்மா வரவில்லை. எல்லையில் ஆட்களைத் திருப்பிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜெர்மனிக்கு மூத்த மகனிடம் போகிறாவாம். போன கிழமையே முடிவாம். பின்னறை ஒருவருக்கும் தேவையில்லை. வராத மனுஷி ஒருத்தியோடு ஒரு மாதம் சண்டை பிடித்திருக்கிறேன்.

அப்போது ர. அறைக்குள் இருந்தே சொன்னாள்: "போறதோ இருக்கிறதோ எண்டு சீட்டுப் போட்டுப் பாப்பம். உங்கடை வழக்கம்தானே."

அருள் சரி என்றான். ஆனால் ரொறன்ரோ என்று ஒரு சீட்டாவது இருக்க வேண்டும் என்றான்.

ஒரு சீட்டாம். மூன்றிலும் அதுதான் இருக்கும். படித்துக்கொண்டாள், நான்தானே வாத்தியார்.

மார்ச் 15, ஞாயிறு

ஆராதனைக்கு ஒருவரும் போகவில்லை.

அதே மேசை, அதே புத்தகம். சீட்டு எழுதினவள் ர. இந்தத் தரம் அருள் ஜெபம் பண்ணவில்லை, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றான். பிள்ளை ர.வின் தோளில் நித்திரை. பிள்ளையின் கை வேண்டாம், மச்சாளே எடுக்கட்டும் என்றாள்.

தீர்க்கதரிசி காத் தாவீதிடம் மூன்று தண்டனை கொண்டுபோனான். பஞ்சம், பகைவர் துரத்தல், கொள்ளைநோய், எது வேண்டும் என்று கேட்டான். மூன்றும் அடிதான். மனுஷர் கையில் விழ மாட்டேன், கர்த்தர் கையிலேயே விழுகிறேன், அவருக்கு இரக்கம் உண்டு என்றான் தாவீது. எனக்கு அந்த வசதி இல்லை, என் முன்னால் இருந்தது யாழ்ப்பாணத்தாளின் கை என்று நினைத்துக்கொண்டேன்.

இடப் பக்கத்துச் சீட்டை எடுத்தேன். தட்டு அடுக்கின பழக்கம். ரொறன்ரோ.

அவர்கள் வாய் திறக்க முதல் நான் திறந்தேன். "மத்த ரெண்டையும் பிரிக்கத் தேவையில்ல. என்ன இரிக்கி எண்டு எனக்குத் தெரியும்."

ர. என்னவோ சொல்ல வந்தாள். அருள் கையைக் காட்டி நிறுத்தினான். வந்தது வந்ததுதான் என்றான். அவள் இரண்டு சீட்டையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரலை மடித்துவிட்டாள், அன்று பிள்ளையின் கையைப் பிடித்த மாதிரி.

"நீங்களே எரியுங்கோ, மச்சாள்."

இளக்காரம் என்று நினைத்தேன். கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 18, புதன்

டோர்வலில் சொல்லிவிட்டேன். மொறோக்கோ மனுஷன் பிள்ளை எப்படி என்று கேட்டார். நல்ல சுகம் என்றேன். ஏன் போகிறேன் என்று கேட்டார். சொந்தக்காரர் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

வீட்டில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிடுகிறோம்.

மார்ச் 21, சனி

பெட்டி அடுக்கினேன். சேலை 9, சுவெட்டர் 3, அப்பாவின் படம், பாட்டுப் புத்தகம், சப்பாத்து (எறியவில்லை). கைப்பையைத் தட்டிக் கொட்டும்போது சீட்டு இரண்டும் விழுந்தன. எரிக்க நெருப்புப் பெட்டி எடுத்தேன். பிரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று ஒரு தரம் கண்ணால் பார்க்க ஆசை. அதனால் பிரித்தேன்.

கார்த்திக், கஜன் எழுதின அதே கொப்பித் தாள். அதே உருண்டை எழுத்து.

ஒன்றில்: இங்கை.

மற்றதில்: மச்சாள் இங்கை.

மூன்றில் இரண்டு. அருள் கேட்ட ஒன்றை எழுதினாள், மற்ற இரண்டையும் எனக்கு எழுதினாள். நான் மூன்றிலும் ஒன்று எழுதினதைத் தெரிந்துகொண்டே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை என்னவோ சொல்ல வந்தாள், என் வாய்தான் முந்தியது. எடுத்த கையும் என்னுடையது. மனுஷி கையில் விழுந்திருந்தால் தப்பியிருப்பேன்.

அவளுடைய கதவுக்கும் என் கதவுக்கும் ஆறு அடி. போய்ச் சொல்லலாம். சொல்ல வேண்டுமானால் பிரித்துப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். உன்னை என்னைப் போலவே நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். கதவு வரைக்கும் இரண்டு தரம் போனேன். உள்ளே ரஞ்சினி பிள்ளையைக் கொஞ்சுகிறாள். காத், காத், என்ரை காத். சுகமாகத்தான் வருகிறது அந்தப் பேர், அவளுடைய வாயில்.

திரும்பி வந்தேன். போக மாட்டேன். எனக்கு அந்த வாய் இல்லை.

பின்னேரம் கதவைத் திறந்தால் வாசலில் டோர்வல் தட்டு. கழுவித் துடைத்திருக்கிறது. இடியப்பப் பொட்டலம், சம்பல், வாழைப்பழம் ஒன்று, தோடம்பழம் ஒன்று. அலுமாரியில் இருந்த அதே ஒழுங்கு. பயணச் சாப்பாடா, தட்டைத் திருப்பித் தருகிறாளா, தெரியவில்லை.

பஸ் நாளை எட்டரைக்கு. சாப்பாட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். தட்டு பெட்டிக்குள் அடங்கவில்லை.